மெயில் வழியாக வரும் வைரஸ்: டிஃபெண்டர் மட்டும் போதுமா?

திண்ணை எழுதியது:

வணக்கம். மூன்று பேர் மாறி மாறி உட்காரும் ஒரு விண்டோஸ் 11 கணினி. ஒரு ஜிமெயில் கணக்கு குரோமில், இன்னொரு கணக்கு அவுட்லுக்கில், இரண்டும் நாள் முழுக்கத் திறந்தே இருக்கும். பில், கொட்டேஷன், வேலைக்கான விண்ணப்பம் என்று முன்பின் தெரியாதவர்களிடமிருந்து ஃபைல் வருவதுதான் இங்கே அன்றாட வேலை. "தெரியாத ஆள் அனுப்பினால் திறக்காதே" என்று சொன்னால் அன்றைக்கு வேலையே நடக்காது. டிஃபெண்டர் ஓடுகிறது, வேறு ஆன்டிவைரஸ் இல்லை. மூன்று பேரும் ஒரே அட்மின் கணக்கில்தான் நுழைகிறோம்.

1. மெயிலைத் திறந்து படித்தாலே வைரஸ் வந்துவிடுமா, அட்டாச்மென்டைத் திறந்தால்தானா?
2. டிஃபெண்டர் போதுமா, காசு கொடுத்து ஒன்று வாங்க வேண்டுமா?
3. முகவரிப் புத்தகத்தில் பூஜ்யங்களால் ஆன ஒரு பொய் முகவரியை முதலில் சேர்த்து வைத்தால் வைரஸ் பரவாது என்று ஒரு குறிப்பு சுற்றுகிறது. உண்மையா?
4. ஒரு ஜிப் ஃபைல் வந்திருக்கிறது, அதன் பாஸ்வேர்டு மெயிலிலேயே இருக்கிறது. இறக்கி வைத்தோம், இன்னும் திறக்கவில்லை. பார்ப்பதற்குப் பாதுகாப்பான வழி உண்டா?

---

கோப்பறை எழுதியது:

நாலாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், அந்த ஜிப் இன்னும் உங்கள் கணினியில் கிடக்கிறதே.

ரகசியம் காக்கப் பூட்டியவர் சாவியை அதே கவரில் வைத்து அனுப்ப மாட்டார். பாஸ்வேர்டையும் ஃபைலையும் ஒரே மெயிலில் அனுப்புவது, நடுவில் இருக்கும் மெயில் சர்வரின் ஸ்கேனர் உள்ளே பார்க்கக் கூடாது என்பதற்காகத்தான். 2020இல், மெயில் வழியே வைரஸ் பரப்பிவந்த எமோடெட் கும்பல் இந்த வழியைப் பெரிய அளவில் பயன்படுத்தியது. டிஃபெண்டரும் பூட்டிய ஜிப்புக்குள் பார்க்காது. நீங்கள் பாஸ்வேர்டு கொடுத்து விரிக்கும் நொடியில்தான் உள்ளே இருப்பது அதன் கண்ணில் படும்.

ஆனால் ஜிப் பூட்டு உள்ளடக்கத்தை மட்டும்தான் மறைக்கும், ஃபைல் பெயர்களை மறைக்காது. அதனால் பாஸ்வேர்டு போடாமலே இவ்வளவு பார்க்கலாம்: ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் அந்த ஜிப்பை இரட்டைக் கிளிக் செய்தால் அது ஒரு ஃபோல்டர் போலத் திறக்கும். இதுவரை எதுவும் ஓடவில்லை. உள்ளே இருப்பதைத் தொடாதீர்கள். பெயருக்கு வலப்பக்கம் "டைப்" என்று ஒரு பத்தி இருக்கும், அதைப் படியுங்கள். ஐகான் எதுவானாலும் பெயர் எதுவானாலும், விண்டோஸ் அந்த ஃபைலை என்னவாக நடத்தப்போகிறது என்பதை அந்தப் பத்திதான் சொல்லும். அதில் அப்ளிகேஷன், ஷார்ட்கட், ஸ்கிரீன் சேவர், ஜாவாஸ்கிரிப்ட், விபிஸ்கிரிப்ட், ஹெச்டிஎம்எல் அப்ளிகேஷன், டிஸ்க் இமேஜ் என்று இருந்தால் அது பில்லும் இல்லை, விண்ணப்பமும் இல்லை. செவன்-ஜிப், ரார் வடிவங்களில் மட்டும் பெயர்களையும் சேர்த்துப் பூட்ட முடியும். அப்படி வந்தால் அழித்துவிட்டு, அனுப்பியவரிடம் சாதாரண பிடிஎஃப்பாகக் கேளுங்கள்.

அடுத்தது, பெயரின் வால், அதாவது கடைசிப் புள்ளிக்குப் பின் வரும் எக்ஸ்டென்ஷன். விண்டோஸ் தனக்குத் தெரிந்த எக்ஸ்டென்ஷன்களை மறைத்தே காட்டும். 2000 மே மாதம் பரவிய ஐ லவ் யூ வைரஸ் இதில்தான் பிழைத்தது: ஃபைல் பெயர் டிஎக்ஸ்டி என்று முடிவதாகத் தெரிந்தது, அதற்குப் பிறகு இருந்த விபிஎஸ் கண்ணில் படவில்லை. அந்த இயல்புநிலை இன்றும் அப்படியே இருக்கிறது. மாற்ற: ஃபைல் எக்ஸ்ப்ளோரர் > வியூ > ஷோ > ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ். ஒவ்வொரு பயனர் கணக்கிலும் தனித்தனியாகச் செய்ய வேண்டும்.

இதைச் செய்தபின் "கொட்டேஷன்.பிடிஎஃப்" என்று தெரிந்தது "கொட்டேஷன்.பிடிஎஃப்.எக்ஸ்இ" என்று முழு உருவத்தைக் காட்டும், எக்ஸ்இ என்றால் ஓடும் நிரல். ஆனால் ஒரு ஓட்டை மிச்சம் இருக்கிறது. எல்என்கே என்னும் ஷார்ட்கட் ஃபைலின் வாலை, இந்த டிக் போட்ட பிறகும் விண்டோஸ் காட்டாது. பிஐஎஃப், யுஆர்எல் இரண்டுக்கும் இதே கதைதான். "கொட்டேஷன்.பிடிஎஃப்.எல்என்கே" என்பது உங்களுக்கு "கொட்டேஷன்.பிடிஎஃப்" என்றே தெரியும், பிடிஎஃப் படத்தோடு. வித்தியாசம் ஐகானின் இடது கீழ் மூலையில் ஒரு குட்டி அம்பு, டைப் பத்தியில் "ஷார்ட்கட்" என்ற சொல், இவ்வளவுதான். அதனால் டவுன்லோட்ஸ் ஃபோல்டரை எப்போதும் "டீட்டெயில்ஸ்" பார்வையில் வையுங்கள். பெரிய ஐகான் பார்வையில் டைப் பத்தியே கிடையாது.

இன்னொரு வேடம்: பெயருக்கு நடுவே, எழுத்தின் திசையை வலமிருந்து இடமாகத் திருப்பும் கண்ணுக்குத் தெரியாத ஒரு யூனிகோட் குறியைச் செருகுவார்கள். எஸ்சிஆர் (ஸ்கிரீன் சேவர், அதுவும் ஓடும் நிரல்தான்) என்று முடியும் பெயர் ஜேபிஜி என்று முடிவதாகத் தோன்றும். டைப் பத்தியை இந்தக் குறியால் ஏமாற்ற முடியாது.

கடைசியாக, பத்து நிமிட வேலை, வாழ்நாள் பலன். ஜேஎஸ், ஜேஎஸ்இ, விபிஎஸ், விபிஇ, டபிள்யூஎஸ்எஃப், ஹெச்டிஏ ஆகிய ஆறும் இரட்டைக் கிளிக்கில் நேராக ஓடும் ஸ்கிரிப்ட்கள். அலுவலக வேலையில் இவற்றை யாரும் யாருக்கும் மெயிலில் அனுப்புவதில்லை. செட்டிங்ஸ் > ஆப்ஸ் > டிஃபால்ட் ஆப்ஸ் போய், மேலே இருக்கும் பெட்டியில் புள்ளியோடு ஒவ்வொரு வாலாகத் தட்டி, திறக்கும் செயலியாக நோட்பேடை வையுங்கள். பிறகு யாராவது தவறிக் கிளிக் செய்தாலும் நோட்பேடில் புரியாத எழுத்துகள் நிரம்பி நிற்கும், அதற்கு மேல் ஒன்றும் நடக்காது. இணையதளங்களில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட்டை இது பாதிக்காது, அது பிரவுசருக்குள் தனியாக ஓடுவது.

---

முத்திரை எழுதியது:

கோப்பறை சொன்னதோடு இதையும் சேர்க்க வேண்டும், இதைத் தவறவிட்டால் மற்றவை பாதி வீண்.

இணையத்திலிருந்தோ மெயிலிலிருந்தோ ஒரு ஃபைலை இறக்கும்போது, பிரவுசரும் அவுட்லுக்கும் அதன் மேல் "இது வெளியிலிருந்து வந்தது" என்று ஒரு முத்திரை குத்துகின்றன. அந்த ஃபைலை ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் போனால், ஜெனரல் பக்கத்தின் அடியில் இது வேறு கணினியிலிருந்து வந்தது என்று ஒரு வரியும் "அன்பிளாக்" என்று ஒரு பெட்டியும் இருக்கும். அதுதான் முத்திரை. வேர்ட் ஃபைல் படிக்க மட்டும் விடும் புரொடெக்டட் வியூவில் திறப்பதும், ஆஃபீஸ் ஃபைலுக்குள் இருக்கும் குட்டி நிரலான மேக்ரோ தடுக்கப்படுவதும், தெரியாத எக்ஸ்இ ஓடும் முன் ஸ்மார்ட்ஸ்கிரீன் நீலப் பெட்டி காட்டித் தடுப்பதும் இந்த முத்திரையைப் பார்த்துத்தான். முத்திரை உரிந்துபோனால் விண்டோஸ் அதை வீட்டில் செய்த ஃபைலாகவே நினைக்கும்.

எங்கெல்லாம் உரிகிறது?

பென்டிரைவில். முத்திரை என்டிஎஃப்எஸ் வடிவ டிஸ்கில் மட்டுமே ஒட்டும். பெரும்பாலான பென்டிரைவ்கள் எஃப்ஏடி32 அல்லது எக்ஸ்ஃபேட் வடிவத்தில் வருபவை. ஒரு கணினியில் இறக்கி, பென்டிரைவில் போட்டு, இன்னொரு கணினியில் திறந்தால் முத்திரை வழியிலேயே போயிருக்கும். மெயிலில் வந்ததை அப்படிக் கடத்தாதீர்கள்.

செவன்-ஜிப்பில். விண்டோஸின் சொந்த "எக்ஸ்ட்ராக்ட் ஆல்", ஜிப்பின் முத்திரையை உள்ளிருக்கும் ஃபைல்களுக்கும் கடத்தும். செவன்-ஜிப்பில் இந்த வசதி 2022இல் வந்த 22.00 பதிப்பிலிருந்துதான் உண்டு, அதுவும் நாமே போய் இயக்க வேண்டும்: டூல்ஸ் > ஆப்ஷன்ஸ் > செவன்-ஜிப் > ப்ராப்பகேட் ஸோன் ஐடி ஸ்ட்ரீம் > யெஸ். ஜிப்புக்குள் ஜிப் வைத்து இதை ஏமாற்றும் ஒரு பிழை 24.09 பதிப்பில்தான் சரியானது. செவன்-ஜிப் தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது. எப்போதோ நிறுவிய பழைய பதிப்பு அப்படியே கிடக்கும். ஹெல்ப் > அபவுட் பக்கத்தில் எண்ணைப் பாருங்கள்.

ஐஎஸ்ஓ ஃபைலில். இரட்டைக் கிளிக் செய்தால் ஒரு சிடி போலத் திறக்கும், உள்ளே இருந்தவற்றுக்கு முத்திரை வராமல் இருந்தது. 2022 நவம்பர் அப்டேட்டில் மைக்ரோசாஃப்ட் இதை அடைத்தது. அப்டேட் நின்றுபோன கணினிகளில் இன்னும் திறந்தே இருக்கிறது.

மேக்ரோ பற்றி. 2022 ஜூலை இறுதியிலிருந்து, முத்திரை உள்ள ஆஃபீஸ் ஃபைலில் மேக்ரோ இருந்தால் மேலே சிவப்புப் பட்டை வரும், அதில் "எனேபிள்" பட்டனே இருக்காது. இதற்கு முன்பு மஞ்சள் பட்டையில் ஒரே கிளிக்கில் மேக்ரோவை ஓட வைக்கலாம். பல வருடங்கள் வைரஸ்கள் அந்த ஒரு பட்டனை நம்பித்தான் வாழ்ந்தன. உங்கள் வேலையில் மேக்ரோ தேவையே இல்லை என்றால் முழுசாக அடைத்துவிடுங்கள்: வேர்டில் ஃபைல் > ஆப்ஷன்ஸ் > டிரஸ்ட் சென்டர் > டிரஸ்ட் சென்டர் செட்டிங்ஸ் > மேக்ரோ செட்டிங்ஸ் > டிஸேபிள் வித்தவுட் நோட்டிஃபிகேஷன். எக்செல், பவர்பாயின்ட் இரண்டிலும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். அதே இடத்தில் புரொடெக்டட் வியூ பக்கத்தில் மூன்று டிக்கும் இருக்கிறதா பாருங்கள். அச்செடுக்கும்போது தொந்தரவு என்று யாரோ எடுத்துவிட்டிருப்பது வழக்கம்.

மேக்ரோவே இல்லாமலும் அடி விழும். ஈக்வேஷன் எடிட்டர் என்னும் பழைய பாகத்தில் இருந்த ஓட்டை 2017 நவம்பரில் அடைக்கப்பட்டது. 2018 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் அந்தப் பாகத்தையே தூக்கிவிட்டது. அதற்கு முந்தைய நிலையில் நிற்கும் ஆஃபீஸ் என்றால் ஃபைலைத் திறந்தாலே போதும். ஆஃபீஸ் 2016, 2019 இரண்டுக்கும் ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. உங்களிடம் எது இருக்கிறது என்று சொல்லவில்லை. ஃபைல் > அக்கவுன்ட் பக்கத்தில் பார்த்துச் சொல்லுங்கள்.

---

தபால்பெட்டி எழுதியது:

முதல் கேள்விக்கும் மூன்றாவதுக்கும் இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

படித்தாலே வருமா? பொதுவாக இல்லை. பிரவுசரில் ஜிமெயில் படிக்கும்போது, மெயிலுக்குள் இருக்கும் ஸ்கிரிப்ட்டை ஜிமெயில் நீக்கிவிட்டுத்தான் காட்டும். தானாக இறங்கும் படம் நீங்கள் மெயிலைத் திறந்ததை அனுப்பியவருக்குக் காட்டிக்கொடுக்கும், அதனால் வைரஸ் வராது. ஆனால் "ஒருபோதும் வராது" என்று சொல்ல மாட்டேன். 1999 நவம்பரில் வந்த பபிள்பாய், அவுட்லுக் எக்ஸ்பிரஸில் ப்ரீவியூ தெரிந்தாலே ஓடியது. 2023 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் அடைத்த ஒரு அவுட்லுக் ஓட்டை, எண் சிவிஇ-2023-23397, இன்னும் மோசம்: மெயிலோடு வரும் நினைவூட்டலுக்கு ஒலி எங்கே இருக்கிறது என்ற முகவரியில் தாக்குபவரின் சர்வரைக் குறித்திருப்பார்கள், அவுட்லுக் அந்த ஒலியைத் தேடிப் போகும்போது உங்கள் விண்டோஸ் லாகினின் மறையாக்கப்பட்ட வடிவம் அங்கே போய்ச் சேரும். யாரும் எதையும் கிளிக் செய்ய வேண்டியதில்லை. இந்த வகைக்குத் தற்காப்பு ஒன்றுதான்: அப்டேட்டைத் தள்ளிப்போடாமல் இருப்பது. மைக்ரோசாஃப்ட் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வெளியிடுகிறது. அந்த வாரத்துக்குள் ரீஸ்டார்ட் செய்துவிடுங்கள். ரீஸ்டார்ட் ஆகாதவரை இறங்கிய அப்டேட் முழுசாக வேலைக்கு வராது.

பொய் முகவரி விஷயம் வெறும் புரளி. அதன் பின்னால் இருக்கும் எண்ணம், வைரஸ் முகவரிப் புத்தகத்தை மேலிருந்து வரிசையாகப் படிக்கும், முதல் முகவரி தவறென்றால் நின்றுவிடும் என்பது. 1999இன் மெலிசா, அவுட்லுக்கில் முதல் 50 முகவரிகளை எடுத்தது உண்மை. ஆனால் ஒரு முகவரி தவறாக இருந்தால் அந்த ஒன்று மட்டும் திரும்பி வரும், மீதி 49ம் போய்ச் சேரும். அதற்குப் பின் வந்தவை முகவரிப் புத்தகத்தைக்கூட நம்புவதில்லை. டிஸ்கில் உள்ள ஃபைல்களில் முகவரியைத் துழாவி, தமக்குள்ளேயே இருக்கும் மெயில் அனுப்பும் பாகத்தால் அனுப்பிவிடும். உங்கள் "சென்ட்" ஃபோல்டரில் சுவடே இருக்காது. அனுப்புநர் பெயரையும் பொய்யாகப் போடும். "உங்களிடமிருந்து வைரஸ் வந்தது" என்று யாராவது சொன்னால் அது உங்கள் கணினிதான் என்று முடிவு கட்டாதீர்கள், இல்லை என்றும் முடிவு கட்டாதீர்கள்.

எப்படித் தெரிந்துகொள்வது? அந்த மெயிலைப் பெற்றவர் ஜிமெயிலில் மூன்று புள்ளி > ஷோ ஒரிஜினல் போகட்டும். மேலே எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிஎம்ஏஆர்சி என்று மூன்று வரி இருக்கும், அனுப்புநர் முகவரி உண்மையா என்று பார்க்கும் சோதனைகள் அவை. டிஎம்ஏஆர்சி "ஃபெயில்" என்றால் பெரும்பாலும் உங்கள் முகவரியை வெளியே யாரோ பொய்யாகப் போட்டிருக்கிறார். அனுப்புநர் முகவரி எழுத்து மாறாமல் உங்களுடையதாக இருந்து, மூன்றும் "பாஸ்" என்றால் பெரும்பாலும் உங்கள் கணக்கிலிருந்தேதான் போயிருக்கிறது. உடனே பாஸ்வேர்டு மாற்ற வேண்டிய நிலை அது.

தலைகீழாக இதைப் பயன்படுத்தாதீர்கள். உங்களுக்கு வந்த மெயிலில் மூன்றும் "பாஸ்" என்பதால் அது நல்ல மெயில் ஆகிவிடாது. ஒரு எழுத்து மாற்றிப் பதிவு செய்த போலி டொமைனும் பாஸ் ஆகும். களவுபோன உண்மையான கணக்கும் பாஸ் ஆகும். எமோடெட் இதில்தான் கெட்டி: பழைய மெயில்களைத் திருடி, நீங்கள் ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்த உரையாடலுக்கு அடியிலேயே பதில் போல வந்து அட்டாச்மென்ட் கொடுக்கும். பெயரும் தெரியும், சப்ஜெக்டும் தெரியும், நீங்கள் எழுதிய வரிகளும் கீழே இருக்கும். 2021 ஜனவரியில் பல நாட்டுக் காவல்துறைகள் சேர்ந்து அதன் சர்வர்களைக் கைப்பற்றின. அதே ஆண்டு நவம்பரில் திரும்பி வந்தது.

---

திண்ணை எழுதியது:

மிக்க நன்றி. ஆஃபீஸ் 2019தான், மாற்ற ஏற்பாடு செய்கிறோம். சில மெயில்களில் ஹெச்டிஎம்எல் ஃபைல் அட்டாச்மென்டாக வருகிறது. அது வெறும் வெப் பக்கம்தானே, அதில் என்ன ஆபத்து? கூடவே, யாராவது ஏற்கெனவே கிளிக் செய்துவிட்டால் முதல் அரை மணி நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்றும் சொல்லுங்கள்.

---

தபால்பெட்டி எழுதியது:

ஹெச்டிஎம்எல் அட்டாச்மென்ட் இரண்டு வேலை செய்யும். ஒன்று, மைக்ரோசாஃப்ட் அல்லது கூகுள் லாகின் பக்கம் போலத் திறந்து, உங்கள் முகவரியை முன்கூட்டியே நிரப்பி வைத்து, பாஸ்வேர்டு மட்டும் கேட்கும். முகவரிப் பட்டையைப் பாருங்கள்: இணைய முகவரிக்குப் பதிலாக "ஃபைல்" என்று தொடங்கி உங்கள் டிஸ்கின் பாதைதான் இருக்கும். எந்த நிறுவனத்தின் லாகின் பக்கமும் உங்கள் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் இருக்காது.

இரண்டாவது, பக்கத்துக்குள் எழுத்துகளாகப் பதுக்கி வைத்த ஜிப்பை பிரவுசரே கோர்த்து "டவுன்லோட்" ஆக்கிவிடும். மெயில் ஸ்கேனர் பார்த்தபோது அங்கே ஜிப்பே இல்லை, அதனால் தப்பி வருகிறது. எஸ்விஜி படமும் இதே வகை. பெயருக்குப் படம், ஆனால் உள்ளே ஸ்கிரிப்ட் இருக்கலாம், பிரவுசரில்தான் திறக்கும். பில்லை ஹெச்டிஎம்எல்லாகவோ எஸ்விஜியாகவோ அனுப்ப யாருக்கும் நியாயமான தேவை அபூர்வம். இரண்டையும் திறக்காமல் பிடிஎஃப் கேட்டு வாங்குங்கள்.

2024இலிருந்து பரவலாக இருக்கும் இன்னொன்றையும் மூன்று பேருக்கும் சொல்லி வையுங்கள். லிங்க்கையோ ஹெச்டிஎம்எல்லையோ திறந்தால் "நீங்கள் மனிதர்தான் என்று உறுதி செய்யுங்கள்" என்றோ "ஃபைல் சரியாகத் திறக்கவில்லை, சரிசெய்ய இப்படிச் செய்யுங்கள்" என்றோ வரும். விண்டோஸ் கீயும் ஆர் எழுத்தும் அழுத்து, கன்ட்ரோல்-வி அழுத்து, என்டர் தட்டு என்பார்கள். பக்கம் ஏற்கெனவே உங்கள் கிளிப்போர்டில் ஒரு கட்டளையை வைத்திருக்கும். நீங்கள் செய்வது அதை ஒட்டி ஓடவிடுவது. முத்திரை, மேக்ரோ தடுப்பு, ஸ்மார்ட்ஸ்கிரீன் எதுவும் குறுக்கே வராது, ஓடவிட்டது நீங்களே என்பதால். எந்த வெப் பக்கமும் விண்டோஸ்-ஆர் அழுத்தச் சொன்னால் அந்த டேபை மூடிவிட வேண்டும், விதிவிலக்கே கிடையாது.

---

முதலுதவி எழுதியது:

கிளிக் ஆகிவிட்டது என்றால் வரிசை முக்கியம்.

முதலில் நெட்டைத் துண்டியுங்கள். கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள். செருகியிருக்கும் வெளி ஹார்ட் டிஸ்க், பென்டிரைவ் எல்லாவற்றையும் கழற்றுங்கள். ஃபைல் பெயர்கள் கண்ணெதிரே மாறிக்கொண்டிருந்தால் அது ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரேன்சம்வேர், தயங்காமல் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள். ஒவ்வொரு நொடிக்கும் ஃபைல்கள் போய்க்கொண்டிருக்கும்.

அடுத்து, வேறு கருவியிலிருந்து பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள், முதலில் மெயில், பிறகு வங்கி, பிறகு மற்றவை. தாக்கப்பட்ட கணினியிலேயே உட்கார்ந்து மாற்றினால் புதியதும் திருடப்படும், இதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. பாஸ்வேர்டு மாற்றினால் மட்டும் போதாது. இப்போதைய திருட்டு நிரல்கள் பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளோடு, நீங்கள் ஏற்கெனவே லாகின் செய்ததை நினைவில் வைக்கும் குக்கீகளையும் அள்ளிக்கொண்டு போகின்றன. குக்கீ கையில் இருந்தால் ஓடிபி கேட்காமலே உங்கள் கணக்குக்குள் நுழையலாம். கூகுள் கணக்கில் செக்யூரிட்டி > யுவர் டிவைசஸ் போய் எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறுங்கள்.

ஜிமெயில் செட்டிங்ஸில் இரண்டு பக்கங்களைத் திறந்து பாருங்கள்: ஃபார்வர்டிங், ஃபில்டர்ஸ். உங்களுக்கு வருவதை வேறு முகவரிக்குக் கடத்தும் ஃபில்டரையோ, "வங்கி" என்ற சொல் உள்ள மெயிலை ட்ராஷுக்கு அனுப்பும் ஃபில்டரையோ வைத்திருப்பார்கள். பாஸ்வேர்டு மாற்றினாலும் ஃபில்டர் அப்படியே இருக்கும். அவுட்லுக்கில் இதே வேலையை "ரூல்ஸ்" செய்யும். ஆப் பாஸ்வேர்டு (வேறு செயலிகள் கணக்குக்குள் நுழையத் தரும் தனிப் பாஸ்வேர்டு) உங்களுக்குத் தெரியாமல் எதுவும் இருந்தால் நீக்குங்கள்.

இதன் பிறகே கணினிக்கு வாருங்கள். விண்டோஸ் செக்யூரிட்டி > வைரஸ் அண்ட் த்ரெட் ப்ரொடெக்ஷன் > ஸ்கேன் ஆப்ஷன்ஸ் > ஆஃப்லைன் ஸ்கேன். கணினி மீண்டும் தொடங்கி, விண்டோஸ் எழுவதற்கு முன்பே ஸ்கேன் செய்யும், சுமார் 15 நிமிடம். விண்டோஸ் ஓடும்போது ஒளிந்துகொள்பவை இதில் மாட்டும். ஆனால் உண்மையிலேயே ஒரு நிரல் அட்மின் உரிமையோடு ஓடியிருக்கிறது என்றால், ஸ்கேன் சுத்தம் என்று சொன்னாலும் விண்டோஸை புதிதாக நிறுவுவதையே நான் சொல்வேன். ஃபைல்கள் பூட்டப்பட்டிருந்தால் அழித்துவிடாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் காவல் அமைப்பான யூரோபோலும் நெதர்லாந்துக் காவல்துறையும் சேர்ந்து 2016இல் தொடங்கிய "நோ மோர் ரேன்சம்" தளத்தில் சில வகைகளுக்கு இலவச சாவி கிடைக்கும். இன்று இல்லாதது பிறகு வரவும் கூடும்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. டிஃபெண்டர் போதும். இரண்டு ஆன்டிவைரஸ் சேர்த்து வைக்காதீர்கள். வேறொன்றை நிறுவினால் டிஃபெண்டர் தானாக ஒதுங்கிவிடும், அதன் ஃபோல்டர் பாதுகாப்பும் சேர்ந்து போய்விடும். "மேனேஜ் செட்டிங்ஸ்" பக்கத்தில் ரியல்-டைம், கிளவுட்-டெலிவர்ட், டாம்பர் ப்ரொடெக்ஷன் மூன்றும் ஆன் ஆக இருக்க வேண்டும். கிளவுட் அணைந்திருந்தால் இன்று காலை பிறந்த வைரஸ் அதற்குத் தெரிய வாய்ப்பு குறைவு. வேலை செய்கிறதா என்று பார்க்க ஐகார் சோதனை ஃபைல் இருக்கிறது. வெறும் 68 எழுத்துகள், தீங்கில்லாதது, எல்லா ஆன்டிவைரஸும் அதைப் பார்த்தால் கத்த வேண்டும் என்று ஒப்புக்கொண்டது. அதை இறக்கும்போது டிஃபெண்டர் சத்தம் போடவில்லை என்றால் ஏதோ அணைந்திருக்கிறது.

அதே பக்கத்தின் அடியில் ரேன்சம்வேர் ப்ரொடெக்ஷன் > கன்ட்ரோல்ட் ஃபோல்டர் ஆக்சஸ். இயக்கினால் டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஃபோல்டர்களில் அறிமுகமில்லாத நிரல் எழுத முடியாது. முதல் வாரம் உங்கள் நல்ல நிரல்கள் சிலவும் "சேமிக்க முடியவில்லை" என்று முரண்டு பிடிக்கும். "அலவ் அன் ஆப்" பட்டியலில் ஒவ்வொன்றாகச் சேர்த்தால் அடங்கிவிடும். அந்த எரிச்சலில் இதை அணைத்துவிடுபவர்கள்தான் அதிகம், அணைக்காதீர்கள்.

எல்லாவற்றையும்விட அவசரம், அந்த அட்மின் கணக்கு. செட்டிங்ஸ் > அக்கவுன்ட்ஸ் > அதர் யூசர்ஸ் போய் மூன்று பேருக்கும் "ஸ்டாண்டர்ட் யூசர்" கணக்கு போடுங்கள். அட்மின் கணக்கு தனியாக, பாஸ்வேர்டோடு, ஏதாவது நிறுவ மட்டும். அட்மினில் இருக்கும்போது "யெஸ்" என்று ஒரு கிளிக்கில் முழுக் கணினியும் போகும். ஸ்டாண்டர்டில் அதே பெட்டி பாஸ்வேர்டு கேட்டு நிற்கும். ஆனால் ஸ்டாண்டர்ட் கணக்கின் சொந்த ஃபைல்களையும் பிரவுசர் பாஸ்வேர்டுகளையும் இது காக்காது. அவற்றைத் தொட அட்மின் உரிமையே தேவையில்லை.

பேக்கப் இரண்டு வெளி டிஸ்கில், மாற்றி மாற்றி. பேக்கப் நடக்கும் நேரம் தவிர மற்ற நேரம் கழற்றியே இருக்கட்டும். ரேன்சம்வேர் விண்டோஸ் தானே வைத்திருக்கும் நிழல் நகல்களைத்தான் முதலில் அழிக்கும். செருகியே இருக்கும் டிஸ்க்கையும் விடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏதாவது ஒரு ஃபைலைத் திரும்ப எடுத்துத் திறந்து பாருங்கள்.

---

கோப்பறை எழுதியது:

ஒரு சின்னச் சேர்க்கை. சந்தேகமான ஃபைலை வைரஸ்டோட்டல் தளத்தில் போட்டால் எழுபதுக்குப் பக்கமான ஆன்டிவைரஸ்கள் பார்த்துச் சொல்லும். ஆனால் அங்கே ஏற்றும் ஃபைலை அந்தத் தளத்தோடு இணைந்த நிறுவனங்களும் ஆய்வாளர்களும் எடுத்துப் பார்க்க முடியும். ஒருவரின் விண்ணப்பமோ ஒப்பந்தமோ உண்மையானதாக இருந்தால் நீங்களே அதை வெளியே விட்டது போலாகும். ஃபைலை ஏற்றாமல், அதன் கைரேகை போன்ற எஸ்ஹெச்ஏ-256 எண்ணை மட்டும் தேடல் பெட்டியில் ஒட்டுங்கள். ஏற்கெனவே யாராவது ஏற்றியிருந்தால் முடிவு வரும். "பூஜ்யம்" என்று வந்தால் சுத்தம் என்று பொருள் இல்லை, இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை என்றும் இருக்கலாம். பாஸ்வேர்டு போட்ட ஜிப்பைப் போட்டால் பெரும்பாலும் சுத்தம் போலத்தான் தெரியும்.

---

திண்ணை எழுதியது:

நீங்கள் சொன்னபடி ஜிப்பை ஃபோல்டராகத் திறந்து பார்த்தேன், பாஸ்வேர்டு போடவில்லை. பெயர் பிடிஎஃப் என்று முடிகிறது, ஆனால் டைப் பத்தியில் "ஷார்ட்கட்" என்று இருக்கிறது. வெளியே எடுத்து, ப்ராப்பர்ட்டீஸில் "டார்கெட்" வரியில் எங்கே போகிறது என்று பார்க்கலாமா?

---

கோப்பறை எழுதியது:

வேண்டாம். பழைய அப்டேட்டில் நிற்கும் விண்டோஸில் அந்தப் பெட்டியில் முதல் 260 எழுத்துகள்தான் தெரியும். அதனால் முன்னால் நூற்றுக்கணக்கான வெற்றிடங்களை நிரப்பிவிட்டு உண்மையான கட்டளையை அதற்கு அப்பால் வைக்கிறார்கள்; உங்களுக்கு வெறுமையாகவோ சாதாரணமாகவோ தெரியும். விரிக்கும்போது கை தவறி இரட்டைக் கிளிக் ஆகும் ஆபத்து வேறு. தெரிந்துகொள்ள வேண்டியதை "ஷார்ட்கட்" என்ற சொல்லே சொல்லிவிட்டது.

ஜிப்பைத் தேர்ந்து ஷிஃப்ட்-டெலீட் செய்யுங்கள், ரீசைக்கிள் பின்னுக்குப் போகாமல் போய்விடும். ஜிமெயிலில் அந்த மெயிலைத் திறந்து மூன்று புள்ளி > ரிப்போர்ட் ஃபிஷிங். மற்ற இரண்டு பேரில் யாராவது அதே மெயிலைத் தங்கள் ஃபோனிலும் பார்க்கிறார்களா, வேறு யாருக்காவது ஃபார்வர்ட் செய்தார்களா என்று கேளுங்கள். விரிக்கவே இல்லை என்றால் கணினியில் சுத்தம் செய்ய வேறொன்றும் இல்லை.